செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025: மே மாதச் சம்பளம்

தலைவர் அவர்களுக்கும், மதுரை வட்டாரத் தனியார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுத்தேர்வு நடந்த மார்ச் தவிர எல்லா மாதமும் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச விரும்புவது ஒரே விஷயம்: ஒவ்வொரு ஜூனிலும் நம் ஆசிரியர் அறைகளில் ஏன் இத்தனை புது முகங்கள்?

இந்த மே மாதம், அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம், ஒத்தக்கடை, மேலூர், திருப்பாலை என்று பிரிந்து போய், பள்ளி மாறியவர்களையும் ஆசிரியர் வேலையையே விட்டவர்களையும் வீட்டில் பார்த்தோம். சம்பளக் குறைவைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். காபி குடித்து முடிப்பதற்குள் மற்றதெல்லாம் வெளியே வந்தது. மே மாதம் சம்பளம் கிடையாது. ஆனால் அதே வெயிலில் அட்மிஷனுக்காக வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த ஒரிஜினல் சான்றிதழ்கள் பள்ளி பீரோவில் இருக்கின்றன. டி.ஆர்.பி. (அரசின் ஆசிரியர் தேர்வு வாரியம்) சரிபார்ப்புக்குக் கூடக் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த ஒரு டீச்சர் இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். "சம்பளம் ஒண்ணும் பெரிசா கூடல சார். ஆனா பன்னெண்டு மாசமும் வருது" என்றார். பதினைந்து வருடம் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். பள்ளியில் தன் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை இருக்கும் ஆசிரியர் எதையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறார். பிள்ளை பிளஸ் டூ முடித்த வருடமே போய்விடுகிறார். நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்து, பணிக்கொடை. வேலையை விடும்போது, செய்த வருடங்களுக்காக நிர்வாகம் தரவேண்டிய பணம், அதாவது கிராஜுவிட்டி. ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1997 ஏப்ரல் 3 முதலே அது பொருந்தும். தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடத் தொடர் பணி இருந்தால் போதும். கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடப் பணிக்கு 7,500. பத்து வருடத்துக்கு 75,000 ரூபாய். கூட்டங்களில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். ஏப்ரலில் கணக்கு முடித்து, ஜூனில் புதிதாகச் சேர்ப்பதாகக் காட்டும் பழக்கம், ஐந்து வருடம் தொடராதது போல் காட்டத்தான் என்பதும் அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இந்த ஆண்டு உருப்படியாகச் செய்தது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உதவி முகாம். பள்ளி மாறும்போது பழைய யு.ஏ.என். எண்ணை, அதாவது எந்தப் பள்ளிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்ணைச் சொல்லாததால் சிலருக்கு இரண்டு எண்கள் இருந்தன. சிலர் ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துவிட்டார்கள். நிர்வாகம் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறது. அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து வருடம் சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். பணத்தை முழுதாக எடுத்தால் அதுவரை சேர்ந்த சர்வீஸ் போய்விடும். நானும் இரண்டு பள்ளிகளை விட்டபோது அப்படி எடுத்து வீட்டு அட்வான்ஸுக்குக் கொடுத்தவன். ஏழு வருட சர்வீஸ் அத்தோடு போயிற்று. இளம் ஆசிரியர்களே, தயவுசெய்து எடுக்காதீர்கள். புதுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரும் இனிஷியலும் பொருந்தாமல் நின்றுபோன விண்ணப்பங்களை முகாமில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்த கம்ப்யூட்டர் ஆசிரியர்களுக்கு நன்றி.

தாளாளர்கள் சிலரைப் பார்த்துப் பேசினோம். கட்டணத்தை அரசுக் குழு நிர்ணயிக்கிறது, வருமானம் போதவில்லை என்கிறார்கள். சின்னப் பள்ளிகளுக்கு அது உண்மைதான். ஆனால் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க எந்த வருமானமும் வேண்டாமே! திருமங்கலம் பக்கம் ஒரு தாளாளர் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்து, மே மாதச் சம்பளத்தையும் போட்டார். அங்கே பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் அத்தனை பேரும் இந்த ஜூனில் வந்துவிட்டார்கள்.

வரும் ஆண்டில் மற்ற தாளாளர்களிடமும் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்கப் போகிறோம். அதற்கு உங்கள் நியமன ஆணையின் நகல் வேண்டும். ஆணையே கொடுக்கப்படாதவர்கள் சேர்ந்த தேதியையும் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். பள்ளியின் பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். தாளை என் கையில் கொடுத்தால் போதும்.