புளோரன்ஸுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இத்தாலியச் சுற்றுலா குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். ரோமுக்கும் வெனிஸுக்கும் இரண்டிரண்டு நாள்களை ஒதுக்கச் சொல்லும் அக்கட்டுரை, அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும் புளோரன்ஸைப் போகிற வழியில் அரை நாளில் பார்த்துவிடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த அரை நாள் பயணத்தை நானும் என் கணவரும் 2017-ல் மேற்கொண்டோம். அப்போது நாங்கள் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்காமல் திரும்பினோம் என்பது, சென்ற அக்டோபரில் நாங்கள் இருவர் மட்டும் அதே நகருக்குச் சென்று ஆறு நாள் தங்கிய பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. தங்கள் வாசகர்களில் எவரும் அந்தத் தவற்றைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் பயணத்தை ஒரு சுற்றுலா நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. பேருந்து முதலில் ஆர்னோ நதியின் தென்கரைக் குன்றில் இருக்கும் மைக்கலாஞ்சலோ சதுக்கத்தில் நின்றது. நடுவில், பைபிளில் வரும் வீரன் தாவீதின் வெண்கலச் சிலை நின்றது; அதன் முன் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு நகருக்குள் இறங்கி, பேராலயத்தை வெளியில் நின்று பார்த்தோம். எதிரில் இருக்கும் திருமுழுக்கு ஆலயத்தின் பொன்னிறக் கதவுகளைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். சின்யோரியா சதுக்கத்தில் பழைய அரண்மனையின் வாயிலருகே நிற்கும் பளிங்குத் தாவீதை அண்ணாந்து பார்த்தோம். அதற்குப் பின் ஒரு தோல்பொருள் கடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார வைக்கப்பட்டோம். மொத்தம் மூன்றரை மணி நேரம். வீடு திரும்பியதும் அந்தப் படங்களை உறவினர்களுக்குக் காட்டி, மைக்கலாஞ்சலோவின் தாவீதைப் பார்த்துவிட்டோம் என்று மனமார நம்பிச் சொன்னோம்.

அன்று நாங்கள் பார்த்த இரண்டு தாவீது சிலைகளும் பொன்னிறக் கதவுகளும் நகல்கள். மைக்கலாஞ்சலோ 1501-ல், தம் 26-ஆம் வயதில் செதுக்கத் தொடங்கிய தாவீது, 1504-ல் அந்த அரண்மனை வாயிலில் நிறுத்தப்பட்டு, 369 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்று, 1873-ல் அக்காதேமியா கலைக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வாயிலில் இன்று நிற்கும் பளிங்குச் சிலை 1910-ல் வைக்கப்பட்ட நகல். குன்றின் மேல் இருப்பது வெண்கல நகல். சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை, வாழ்நாளில் 27 ஆண்டுகளைக் கொடுத்து வார்த்த 'சொர்க்கத்தின் வாயில்' என்ற கதவுகளும் அப்படியே. மூலக் கதவுகள் பேராலயத்தின் பின்புறமுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் காக்கப்படுகின்றன. நகல் வைத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மூலங்களைக் காப்பாற்ற அதுவே வழி. ஆனால், பார்ப்பவை நகல்கள் என்ற ஒரு சொல்லை எங்கள் வழிகாட்டி சொல்லவில்லை. பயணத் திட்டத்திலும் அந்தக் குறிப்பு இல்லை. அசல் இருக்கும் இடம், நாங்கள் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான் என்பதை இரண்டாம் பயணத்தில் அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

அக்காதேமியாவில் தாவீதை நோக்கிப் போகும் நீண்ட கூடத்தின் இருபுறமும், மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' சிலைகள் நிற்கின்றன. இரண்டாம் ஜூலியஸ் போப்பின் கல்லறைக்காகத் தொடங்கப்பட்டவை அவை. ஒன்றில் முகமே இல்லை; தோளும் வயிறும் தொடையும் கல்லிலிருந்து பாதி வெளிவந்திருக்க, மீதி இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. உளியின் பற்கள் இழுத்த கோடுகள் அப்படியே தெரிகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு நிமிரும்போது, மேற்கூரை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் 5.17 மீட்டர் உயரத்துக்குத் தாவீது நிற்கிறான். தொங்கவிட்ட வலக்கையின் புறங்கையில் நரம்புகள் புடைத்திருப்பதையும், உடல் தளர்வாக நிற்கும்போதே கண்கள் மட்டும் எதையோ கூர்ந்து நோக்குவதையும் நான் அங்கேதான் கண்டேன். இன்னொரு சிற்பி முன்பே கைவைத்துவிட்டுப் போன கல் அது; பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அந்தக் கல்லுக்குள்ளேதான் அவர் இதைக் கண்டெடுத்திருக்கிறார். நாங்கள் அந்தச் சிலையை மூன்று முறை சுற்றி வந்தோம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

என் கணவர் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த நகரம் என்றால் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி பேராலயத்தின் மேல் எழுப்பிய குவிமாடம்தான். 1401-ல் திருமுழுக்கு ஆலயத்தின் வேறொரு கதவுக்காக நடந்த போட்டியில் அவரும் கலந்துகொண்டார்; ஆனால் கிபெர்ட்டிக்கே வாய்ப்புக் கிடைத்தது. போட்டிக்காக இருவரும் வார்த்த 'ஈசாக்கைப் பலியிடுதல்' வெண்கலத் தகடுகள் பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இன்றும் அருகருகே இருக்கின்றன. அந்தப் புருனெல்லெஸ்கிதான், 1296-ல் தொடங்கப்பட்டு நடுவில் பெரும் திறப்புடன் நின்றிருந்த பேராலயத்துக்கு 1420 முதல் 1436 வரை மூடி கட்டினார். ஏறக்குறைய 45 மீட்டர் அகலத்தை அடைக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர் சென்ட்ரிங் என்று சொல்லும் மரத்தாங்கலைத் தரையிலிருந்து எழுப்புவது அந்த உயரத்தில் நடக்கிற காரியமில்லை. அவர் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக, முட்டை ஓடு போல் கவிந்த இரண்டு ஓடுகளைக் கட்டி, செங்கற்களை மீன்முள் போல் மாற்றி மாற்றிப் பூட்டி, ஒவ்வொரு வரியும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்படி மேலே கொண்டுபோனார். 463 படிகள், மின்தூக்கி கிடையாது. அந்த இரண்டு ஓடுகளுக்கு இடையில்தான் படிகள் ஏறுகின்றன. மேலே போகப் போகச் சுவர் நம்மீது சாய்கிறது, நாமும் சாய்ந்தபடியே ஏறுகிறோம். ஓரிடத்தில் நின்று, நெட்டாக நின்ற ஒரு செங்கல்லின் மேல் என் கணவர் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னால் வந்தவர்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். புருனெல்லெஸ்கியின் கல்லறையே அந்தப் பேராலயத்துக்கு அடியில்தான் இருக்கிறது. 1972-ல்தான் அதைக் கண்டறிந்தார்கள்.

இத்தனையும் இன்னும் அந்த ஊரிலேயே இருப்பதற்கு ஒரு பெண்மணி காரணம் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் ஆண் வாரிசு 1737-ல் அற்றுப்போனது. ஆட்சி வேறு வம்சத்துக்குக் கைமாறிய வேளையில், குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, தங்கள் ஓவியங்கள், சிற்பங்கள், நூல்கள், நகைகள் அனைத்தையும் புதிய ஆட்சியாளருக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஒரு நிபந்தனையை எழுதி வாங்கினார்: இவற்றில் எதுவும் புளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. அரசுக்கு அணியாகவும், பொதுமக்களுக்குப் பயனாகவும், அயல்நாட்டாரின் ஆவலைத் தூண்டவும் அவை அங்கேயே இருக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கை கூறுகிறது. உஃபிசி கலைக்கூடத்தில் ஓவியர் பொத்திச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தின் முன் நின்றபோது, அந்த 'அயல்நாட்டார்' என்ற சொல்லில் நாங்களும் அடங்குவோம் என்று நினைத்துக்கொண்டேன். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நம்மை எண்ணி எழுதி வைத்த இடத்தில், பேருந்து கிளம்பிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது முறையாகுமா?

சான் மார்கோ மடத்துக்குக் கூட்டம் அதிகம் வருவதில்லை. ஆறு நாளில் என் மனம் அதிகம் தங்கியது அங்கேதான். படிக்கட்டில் ஏறித் தலையை உயர்த்தியதும், நேர் எதிரே, துறவியும் ஓவியருமான ஃபிரா ஆஞ்சலிகோவின் 'மங்கள வார்த்தை' சுவரோவியம்; இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி அது. வானதூதரும் மரியாளும் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். பின்னால் வெறும் வெள்ளைத் தூண்கள். அடியில் லத்தீனில் ஒரு வரி: கன்னியின் இந்த உருவைக் கடந்து போகும்போது, வாழ்த்துச் சொல்லாமல் போய்விடாதே. அதை அடுத்து 40-க்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வொரு துறவிக்கும் ஒரு சிறு சாளரம், ஒரு சுவரோவியம், அவ்வளவே. காட்சிக்கூடத்தில் மாட்டுவதற்காக அல்லாமல், அந்த அறையில் வாழ்ந்த ஒருவர் நாள்தோறும் பார்த்து வழிபடுவதற்காக வரையப்பட்டவை, வரைந்த சுவரிலேயே இன்றும் இருக்கின்றன.

சாந்தா குரோச்சே ஆலயத்தில் மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகளைக் காண்பவர்கள், அருகிலிருக்கும் சான் ரெமிஜியோ தெருவுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். 1333-ல் ஆர்னோ பெருக்கெடுத்து எட்டிய மட்டத்தை, அலைகளைச் சுட்டும் ஒரு சிறு கையாகக் கல்லில் செதுக்கிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். அதற்கும் மேலே 1966-ன் வெள்ளக் குறி. இரண்டு வெள்ளங்களும் நவம்பர் 4 அன்றே வந்தன. என் கணவர் சுவரோடு ஒட்டி நின்று கையை உயர்த்தினார், கீழ்க்குறியே எட்டவில்லை. அந்த 1966 வெள்ளம் கிபெர்ட்டியின் கதவிலிருந்து பலகைகளைப் பெயர்த்தது, பழைய ஓவியர் சிமாபுவே வரைந்த சிலுவையின் வண்ணத்தைப் பெருமளவு உரித்துக்கொண்டுபோனது, தேசிய நூலகத்தைச் சேற்றில் ஆழ்த்தியது. பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். 'சேற்றின் வானதூதர்கள்' என்று அந்நகர மக்கள் இன்றும் அவர்களை நன்றியோடு சொல்கிறார்கள்.

கடைசி நாளில் கஷீனே பூங்காவின் மேற்குக் கோடிக்கு நடந்தோம். முன்யோனே என்ற சிற்றாறு ஆர்னோவில் கலக்கும் இடம் அது. இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் 1870 நவம்பரில் புளோரன்ஸில் இறந்துபோன கோலாப்பூரின் இளம் அரசர் ராஜாராமை, இரண்டு நீர்கள் கூடும் அந்தக் கரையில்தான் இந்து முறைப்படி தகனம் செய்தார்கள். வண்ணம் தீட்டிய அவரது மார்பளவுச் சிலை ஒரு சிறு மண்டபத்தின் கீழ் இருக்கிறது. அருகில் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கும் 'இந்தியர் பாலம்' என்றே பெயர். அன்று அங்கே எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை; சருகுகள் விழுந்து கிடந்த படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

வயதானவர்களால் இப்படித் தனியாகப் போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பழைய நகரம் முழுவதும் நடந்தே பார்க்கக்கூடிய அளவுதான் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். உஃபிசிக்கும் அக்காதேமியாவுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. குவிமாடத்தில் ஏற நேரம் குறித்து முன்பதிவு செய்தாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு, கீழேயுள்ள அருங்காட்சியகத்தில் கதவுகளைப் பார்க்கலாம். கதவுச் சட்டத்தில் கிபெர்ட்டி தம் வழுக்கைத் தலையையே சிறியதாக வார்த்து வைத்திருப்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

குழுவாகச் செல்வதே வசதி என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் முன், பயணத் திட்டத்தில் 'பார்த்தல்' என்று போட்டிருப்பது நுழைவுச் சீட்டுடன் உள்ளே செல்வதா, வெளியில் நின்று படம் எடுப்பதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சுற்றுலா நிறுவனங்களும் எது மூலம், எது நகல் என்பதைத் தம் கையேட்டில் அச்சிட வேண்டும். தங்கள் இணைப்பில் அடுத்த முறை இத்தாலி பற்றி எழுதும்போது, புளோரன்ஸுக்குக் குறைந்தது மூன்று முழு நாள்களை ஒதுக்கும்படி பரிந்துரைக்கவும், தாவீதின் மூலச்சிலை அக்காதேமியாவிலும் கிபெர்ட்டியின் மூலக் கதவுகள் பேராலய அருங்காட்சியகத்திலும் இருப்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி