கிணற்றடிச் சுவர்

அன்புள்ள பாப்பா,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எல்லோரும் எழுதுவதுதான். எனக்கு இந்த முறை அது சம்பிரதாயம் இல்லை. நீ பேசி 19 நாள் ஆகிறது.

இத்தாலியில் உன் ஊரில் வரும் நிலநடுக்கத்தைப் பற்றி இன்னொரு தடவை கேட்டால் போனை வைத்துவிடுவேன் என்றாய். கேட்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. இந்த மழைக்கும் தென்னை சாயவில்லை. பெரியவள் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருகிறாள். செய்தி இவ்வளவுதான். பாஸ்போர்ட்டையும் செருப்பையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். அந்தப் புத்தக அலமாரிக்கு அடியில் படுக்காதே.

போன மாதம் நூலகத்திலிருந்து பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கடிதங்களை எடுத்து வந்தேன். 32 வருடம் வரலாறு நடத்தியவள் நான். கி.பி. 79, வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பாம்பெய் நகரம் புதைந்தது என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்குள் ஒரு தாயும் பிள்ளையும் இருந்தது எனக்குத் தெரியாது. பையன்தான் பிளினி, அப்போது 17 வயது. உன் ஊர் பொட்சுவோலிக்குப் பக்கத்திலேயே, மிசேனத்தில், தாய்மாமன் வீட்டில் இருக்கிறார்கள். மாமன் கடற்படைத் தளபதி. மலைமேல் பைன் மரம்போல ஒரு மேகம் எழுவதை முதலில் பார்த்துச் சொன்னவள் அம்மாதான். மாமன் ஜனங்களைக் காப்பாற்றக் கப்பலில் போனார். ஸ்டேபியே கரையில் இறந்தார். பையன் மாமன் கொடுத்த பாடத்தை எழுதிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டான். உன்னைப் போலத்தான்.

அதற்கு முன்பே பல நாளாக நிலம் அதிர்ந்திருக்கிறது. அந்தக் காம்பானியா வட்டாரத்தில் அது வழக்கம் என்பதால் பயம் அவ்வளவாக இல்லை என்று எழுதுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மார்ச் மாதம் நள்ளிரவு தாண்டி உங்கள் ஊர் குலுங்கிய மறுநாள், 'இங்கே இதெல்லாம் வழக்கம்தான் அம்மா' என்று நீ சொன்னாயே, அதே வார்த்தை. நான் நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிளினியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வெசுவியஸ் வேறு, உன் காலடியில் இருக்கும் ஃபிளெக்ரியன் வயல்கள் என்ற எரிமலைப் பகுதி வேறு என்று திருத்துவாய். தெரியும். எரியும் வயல் என்று பெயர் வைத்த இடத்தில் தேடிப் போய் வீடு பிடித்தவள் நீ.

மறுநாள் எல்லோரும் ஊரைவிட்டு ஓடும்போது அந்த அம்மா கெஞ்சுகிறாள். நீ சின்னவன், தப்பித்து விடுவாய்; எனக்கு வயதும் உடம்பும் கனத்துவிட்டது; உன் சாவுக்கு நான் காரணமாகாவிட்டால் நிம்மதியாகப் போவேன் என்கிறாள். அவன் கேட்கவில்லை. கையைப் பிடித்து நடத்திக்கொண்டே போனான். இரண்டு பேரும் பிழைத்தார்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீ கையைப் பிடித்திருப்பாயா, முறைத்திருப்பாயா, அதுதான் தெரியவில்லை.

உன்னைப் பற்றிப் பெருமை இல்லாமல் இல்லை. பழைய சுவருக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்கிறேன். ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் நிறம் காரையோடு சேர்ந்து இறுகிவிடும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை எதிர்வீட்டு மாமிக்கும் சொன்னேன். பாம்பெயில் சிவப்பாகத் தெரியும் சுவர்களில் பல முதலில் மஞ்சளாக இருந்தவை, எரிமலைச் சூட்டில் காவி மஞ்சள் சிவந்துவிட்டது என்றேன். 'ஆரத்தித் தட்டு மாதிரி' என்றாள் மாமி. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்து சிவப்பதற்குக் காரணம் வேறு என்று நீ சண்டைக்கு வருவாய்; வா. அதற்காகவாவது போன் செய்.

1938-இல் பாம்பெயில் கிடைத்த அந்தத் தந்தப் பெண்ணின் படத்தையும் பார்த்தேன். நம் நாட்டிலிருந்து போனவள். ஒரு சாண் உயரம், உடம்பெல்லாம் நகை. அவளும் போனவள்தான், ஒரு கடிதம் போடவில்லை. அவள் பொம்மை. நீ?

நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன்.

பாம்பெயில் 2024-இல் வெளிப்பட்ட கரிக்கோட்டுப் படங்கள். குழந்தைகள் சுவரில் கிறுக்கியவை. சண்டையிடும் வீரர்கள், ஈட்டி பிடித்த வேட்டைக்காரர்கள், காட்டுப்பன்றி. ஆட்களுக்கு உடம்பு கிடையாது, தலையிலிருந்து நேரே கால் முளைத்திருக்கிறது. ஒரு சின்னக் கையைச் சுவரில் வைத்து விரலைச் சுற்றிக் கோடு இழுத்திருக்கிறது ஒரு பிள்ளை. 'பார்த்தாயா அம்மா?' என்று கேட்டிருந்தாய். 'நன்றாக இருக்கிறது. சாப்பிட்டாயா?' என்று பதில் போட்டேன். நீ பேசாமல் போனது அன்றிலிருந்துதான் என்று எனக்குத் தெரியாதா? நிலநடுக்கம் ஒரு சாக்கு, உனக்கும் எனக்கும்.

அதே கட்டடத் தொகுதியில், ஓவியர்கள் பாதியில் விட்டுப்போன அறை ஒன்று இருப்பதாக முன்பு சொன்னாய். வண்ணச் சட்டிகள் கிடக்கின்றன, நடுப் படத்துக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறது என்றாய். அவர்கள் படம் முடியாமல் போனதற்கு ஒரு மலை காரணம்.

கிணற்றடிச் சுவரில் நீ வரைந்த தேருக்கு ஏழு சக்கரம். உனக்கும் அப்போது ஏழு வயது. வடம் பிடிப்பவர்கள் சுவரின் மூலை திரும்பிக் குளியலறைக் கதவுவரை போனார்கள். கடைசி ஆளுக்கு இடம் இல்லாததால் உன் கையை வைத்து அடுப்புக்கரியால் கோடு இழுத்துவிட்டாய். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பது மட்டும்தான் அன்று என் மண்டையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ அழுதபோது, சுண்ணாம்புத் தாத்தா தெரியாமல் அடித்துவிட்டார் என்றேன்.

பாப்பா, அவர் அடிக்கவில்லை. 'குழந்தை போட்டது, இருக்கட்டும் அம்மா, இதைவிட்டு மிச்சத்தை அடிக்கிறேன்' என்றார். மட்டையை அவர் கையிலிருந்து வாங்கி நான் அடித்தேன். ஒரு பூச்சில் கரி மறையவில்லை. நீலம் கூட்டிக் கலந்து இரண்டாவது முறையும் அடித்தேன். உன் கை மட்டும் அப்போதும் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு முறை. நீ அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. வருடா வருடம் பொங்கலுக்கு வந்து 'சின்னப் பாப்பா கோபம் தணிந்ததா?' என்று கேட்பார். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தில் நான் செய்தது உனக்குத் தெரியும். இது தெரியாது.

இந்த மழையில் அந்தச் சுவர் ஊறி, சுண்ணாம்பு ஏடு ஏடாகப் பெயர்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. வடமா, வெறும் பூஞ்சையா, என் கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. பொங்கலுக்குள் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அப்பா ஆள் சொல்லிவிட்டார். நான் தடுத்து வைத்திருக்கிறேன். தூரிகையால் தட்டலாமா, தண்ணீர் படலாமா, தொடாமலே விட வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதற்குள் சொல்.

செருப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா