மகளுக்கு: அந்த மினி டிராக்டரைப் பற்றி

பாலக்கோடு

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீ அனுப்பிய உன் நிலத்துப் படங்களைப் பார்த்தோம். சரிவை வெட்டி வீட்டுக்கு இடம் நிரவுவது, கீழ்க்கோடியில் ஐம்பதுக்கு ஐம்பது அடியில் ஆறடி ஆழத்துக்குப் பண்ணைக்குட்டை எடுப்பது, அந்த மண்ணிலேயே கரை போடுவது, அத்தனையையும் புதுசாக வாங்கிய 24 எச்.பி. மினி டிராக்டரில் நீங்கள் இருவருமே சனி ஞாயிறில் முடித்துவிடுவது என்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

வண்டி நல்ல வண்டிதான். நாலு வீலும் இழுக்கும், முன்னால் பக்கெட்டால் மண் அள்ளும் லோடர் இருக்கிறது, மாமரத்துக்கு நடுவில் புகுந்து வரும். ஆனால் அதன் எடை முக்கால் டன் அளவுதான். ஜேசிபி ஏறக்குறைய ஏழரை டன். உன் நிலம் இருக்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் காய்ந்துவிட்டால் கடப்பாரையே துள்ளும். அதைக் குத்திப் பெயர்க்க எடை வேண்டும், பின்னால் நீளக் கை வேண்டும். சின்ன வண்டியின் வேலை, பெயர்த்த மண்ணை அள்ளுவது, இழுப்பது, நிரவுவது, மிதித்துக் கெட்டிப்படுத்துவது. தோண்டுகிற வேலையை அதன் தலையில் கட்டாதே.

குட்டைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கங்களைச் செங்குத்தாக விடக் கூடாது. ஓரடி ஆழத்துக்கு ஓரடி சரிவு விட்டால் அடியில் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு வரும். வெட்ட வேண்டியது சுமார் 11,700 கன அடி, அதாவது 117 யூனிட். வெட்டியதும் மண் பொலபொலவென்று கால் பங்கு கூடிவிடும். உன் பக்கெட்டில் ஆறு, ஏழு கன அடிதான் பிடிக்கும். ரெண்டாயிரம் தடவைக்கு மேல் அள்ளிக் கொட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் பள்ளத்துக்குள் இறங்கி ஏற வேண்டும். ஜேசிபிக்காரர் கரையிலிருந்தே ரெண்டு நாளில் எடுத்துக் கொடுத்துவிடுவார். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் மண் தள்ளும் எந்திரங்களை வாடகைக்குத் தருகிறார்கள், அரசின் உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். அந்தச் செலவுக்குத் தயங்காதே. ஒரு பக்கச் சரிவை இன்னும் நன்றாகப் படுக்கவைக்கச் சொல். உங்கள் பக்கம் ராகி முற்றும் சமயத்தில் யானை வரும். குட்டி தவறி இறங்கினாலும் ஏறிப்போக வழி இருக்க வேண்டும்.

ஜேசிபி வருவதற்கு முன்னால் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெட்டப்போகிற இடம் முழுவதும் மேல்மண் அரையடியைத் தனியாகச் சுரண்டி ஒதுக்கிக் குவித்து வை. நம் பக்கத்து நிலத்தில் உயிர் இருப்பது அந்த அரையடியில்தான், அதற்குக் கீழே கிராவல். எல்லாவற்றையும் கலந்துவிட்டால் பிறகு அங்கே புல்லுக்கும் வேர் பிடிக்காது. கோடை மழை ஒன்று பெய்து ரெண்டு நாள் காயவிட்டு, அஞ்சு கொழு உள்ள அஞ்சு கலப்பையைப் போட்டுக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டு. மண் உதிர்ந்ததும் பக்கெட்டைத் தரையோடு படுக்கவைத்து மெதுவாக முன்னேறினால் வெண்ணெய் வழிப்பது போல் வரும். ஓட்டாத மண்ணில் வேகமாகப் போய் முட்டாதே. பக்கெட்டின் ஒரு மூலையால் கிளறாதே. பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரிவர்ஸில் அழுத்தி இழுக்கவும் கூடாது, சிலிண்டர் ராடு வளைந்துவிடும். வீட்டு இடத்தையும் இதே முறையில், ஓட்டி அள்ளி, ஓட்டி அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு போகலாம். அது உன் வண்டிக்கு ஏற்ற வேலை.

இனி சொல்வதைத்தான் நீ மனசில் வாங்க வேண்டும். ஈர மண் நிறைந்த பக்கெட் முந்நூறு கிலோவை நெருங்கும். அதைத் தூக்கியதும் பாரமெல்லாம் முன் அச்சுக்குப் போய்ப் பின் சக்கரம் லேசாகிவிடும். பிரேக் இருப்பதோ பின் சக்கரத்தில் மட்டும். லேசான சக்கரம் மண்ணைப் பிடிக்காது, நீ பிரேக்கை மிதித்தாலும் வண்டி சரிவில் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் சரிவில் இருக்கும்போது நாலு வீல் கியரை எடுக்கவே எடுக்காதே, அது போட்டிருந்தால் பிரேக்கின் பிடி முன் சக்கரத்துக்கும் போகும். லோ கியரிலேயே இறங்கு, கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடாதே. பாரத்தோடு ஏறும்போது நேராக ஏறு, இறங்கும்போது ரிவர்ஸில் இறங்கு. எப்போதும் பக்கெட் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், தரைக்கு மேல் ஓரடிக்கு மிஞ்சி உயரக் கூடாது. சரிவுக்குக் குறுக்கே பாரத்தோடு போகவே போகாதே. தூக்கிய பக்கெட்டோடு திரும்பும்போது ஒரு சக்கரம் எலி வளையில் இறங்கினால் போதும், வண்டி சாய்ந்துவிடும்.

லோடர் மாட்டியிருந்தால் பின்னால் எடை தொங்க வேண்டும். கடையில் இதையெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பலாம், ஊரில் டயர் கடையில் கேட்டால் செய்து தருவார்கள். அதோடு அரை டிரம்மில் கான்கிரீட் போட்டு, வண்டியின் பின்னால் மூன்று இடத்தில் மாட்டுகிற மாதிரி பின்னை வைத்து வார்த்துவிட்டால் இருநூற்று நாற்பது கிலோ அளவுக்கு வரும். எடை போதுமா என்று தெரிய வேண்டுமானால் இறங்கித் தடத்தைப் பார். பின் டயரின் பட்டை மண்ணில் ஆழமாக, விளிம்பு உடையாமல் பதிந்திருந்தால் சரி. மேலாகத் தேய்த்துவிட்டுப் போனது போல் இருந்தால் பக்கெட்டில் பாரத்தைக் குறை.

கல் விஷயம். அந்த நிலத்தில் உருண்டைப் பாறைகள் நிறைய இருப்பது படத்திலேயே தெரிகிறது. பக்கெட்டில் ஏற்றித் தூக்க வேண்டாம், உருண்டு லோடர் கை வழியாக உன் மடிக்கே வரும். சங்கிலி போட்டு இழுக்கலாம், ஆனால் சங்கிலியை வண்டியின் பின்னால் அடியில் இருக்கும் இழுவைக் கம்பியில், அதாவது டிராபாரில், மட்டும் மாட்டு. சீட்டுக்குப் பின்னால் மேலே இருக்கும் டாப் லிங்க்கில் மாட்டினால் கல் அசையாதபோது வண்டியின் மூக்கு மேலே எழும்பிப் பின்பக்கமாகக் கவிழும். குதித்துத் தப்பிக்க நேரம் கிடைக்காது. உன் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் கம்பி வளைவு இருக்கிறது, அதை மடக்கி வைக்காதே. அது நிமிர்ந்து இருக்கும்வரை பெல்ட் போட்டுக்கொள். ரெண்டும் சேர்ந்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு.

பி.டி.ஓ., அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றுகிற தண்டு, ஓடும்போது பக்கத்தில் போகாதே. நிமிஷத்துக்கு 540 சுற்று, ஒரு நொடியில் ஒன்பது. துப்பட்டா நுனி மாட்டினால் கையை எடுக்கக்கூட அவகாசம் இருக்காது. வண்டி ஏறும் நாளில் துப்பட்டாவும் தொளதொள சட்டையும் வேண்டாம், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்.

கரைக்கு மண்ணை ஒரே மூச்சில் குவிக்காமல் அரையடி அரையடியாகப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சக்கரம் ஒவ்வொரு தடமாக மிதிக்கும்படி ஓட்டு. குட்டை விளிம்புக்கும் கரைக்கும் நடுவில் ஆறடி விடு. வெட்டிய பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரத்துக்காவது வண்டி விளிம்பை நெருங்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் அதைவிடத் தள்ளியே நில். கரை வேலை முடிந்ததும் ஏரி வண்டல் கொஞ்சம் அடிக்கலாம். 2024இலிருந்து வட்டாட்சியரே அனுமதி தருகிறார். டிரெய்லரில் அடிப்பதற்கு இந்த வண்டி தாராளம்.

பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லோடர் பின்களுக்குக் கிரீஸ் வை, தூசியில் ஓடினால் ஏர் ஃபில்டரைத் தினமும் பார்.

நீ வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய நிலம் அது. நீயே வண்டியோட்டி அதைத் திருத்துவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. அந்த ஆசைக்குச் சமமாகப் பயமும் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து வருகிறேன். அம்மா ராகி மாவும் புளியும் கொடுத்து அனுப்புவாள். ஒரு மூட்டை சிமெண்ட், ஜல்லி, மணல், ஒரு பழைய டிரம் வாங்கி வை, பின் எடையை நாமே வார்த்துவிடலாம். அதுவரை லோடரைக் கழற்றி வைத்துவிட்டு அஞ்சு கலப்பை மட்டும் ஓட்டிப் பழகு. அப்புறம், படத்தில் வடக்கு எல்லையில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று தெரிகிறது. வண்டியை எடுப்பதற்கு முன்னால் பத்தடி தள்ளிச் சுற்றிலும் கல் நட்டுக் கயிறு கட்டிவிடு. கட்டியதும் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா