பழைய தாலுகா கச்சேரியை இடிக்காமல் நூலகமாக மாற்றித் தர வேண்டி மனு

அனுப்புநர்:
பழைய தாலுகா கச்சேரித் தெருவில் குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

பொருள்: பழைய தாலுகா அலுவலகக் கட்டடத்தைப் பழுதுபார்த்துக் கிளை நூலகமாகவும் போட்டித் தேர்வு படிப்பகமாகவும் மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்ப் பழைய தாலுகா கச்சேரியை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. போன வாரம் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தெருவில் யாருக்கும் மனசு சரியில்லை. எங்கள் அப்பா சிட்டா, அடங்கல் வாங்க வரும்போதெல்லாம் நான் அந்தத் தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். இங்கே பலருக்கும் அப்படி ஒரு நினைவு உண்டு. ஆனால் நினைவுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை.

கட்டடம் பழுதாகி ஆபத்தாக நிற்கிறது என்பதுதான் இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணம். பழுது உண்மைதான். அது எங்கே, எதனால் வந்தது என்று தயவுசெய்து பார்க்க வேண்டும். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரக் கட்டைகள், மேலே சுண்ணாம்பில் குத்தாக அடுக்கிய சிறு செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை, தட்டோடு. வடமேற்கு மூலையில் அரசங்கன்று முளைத்து, கூரைத் தண்ணீர் வடியும் தூம்பை அடைத்துவிட்டது. மழைத் தண்ணீர் தேங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் இரண்டு கட்டைகளின் முனை இற்றுப்போயிருக்கிறது. மற்ற கட்டைகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. இரண்டடிச் சுவரிலும் கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பு இல்லை.

சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்து உதிர்வதற்குக் காரணம் வேறு. முன்பு ஒரு தடவை பழுதுபார்த்தபோது சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும். பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் காய அவகாசம் கொடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினால் போதும் என்கிறார் எங்கள் தெருவின் வயதான கொத்தனார்.

இதைவிட மோசமான நிலையிலிருந்து கட்டடங்கள் மீண்டிருக்கின்றன. சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரையே சரிந்தது. பொதுப்பணித்துறை அதைச் சீரமைத்தது, பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021-ல் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புதுச்சேரியின் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடமோ சீரமைப்புக்குக் காத்திருந்தே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அது புதுக் கட்டடம்தான். எங்கள் கச்சேரிக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் இப்போதே வந்து நிற்கிறோம்.

நூலகம் எதற்கு என்றால், இப்போதைய கிளை நூலகம் வாடகை மாடியில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் ஏற முடியாது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இடமில்லாமல் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கச்சேரியில் உயரமான கூரை, தடித்த சுவர், எதிரெதிர் ஜன்னல்கள். சித்திரை வெயிலிலும் மின்விசிறி போதும். பெரிய கூடத்தைப் படிப்பகமாகவும், ஆவண அறையைப் புத்தக அறையாகவும் வைக்கலாம். புத்தக அலமாரிகளின் பாரத்தைத் தரை தாங்குமா என்பதை மட்டும் பொறியாளர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பிக் கதவு போட்ட கருவூல அறையைக் குழந்தைகள் பகுதியாக்கினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடிக்கும்! கழிவறைகளைப் பின்பக்கம் தனியாகக் கட்டலாம், பழைய சுவரை உடைக்க வேண்டியதில்லை. மின்கம்பிகளும் சுவரைக் கொத்தாமல் வெளிக்குழாயில் போகட்டும். முன்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் அவசியம்.

ஆகவே, இடிப்பு வேலையை நிறுத்திவைத்து, பழங்கட்டடச் சீரமைப்பில் அனுபவமுள்ள பொதுப்பணித்துறைப் பொறியாளர்களை அனுப்பி உறுதித்தன்மையை ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். அந்த அறிக்கை வந்தபின் முடிவெடுங்கள். அப்புறம், அறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அரசங்கன்றை வேரோடு எடுத்துத் தூம்பின் அடைப்பை நீக்க வேண்டும். அனுமதி மட்டும் கொடுத்தால், அதற்கான ஆள்கூலியைத் தெருக்காரர்கள் நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய தாலுகா கச்சேரித் தெருப் பொதுமக்கள்

இணைப்பு: கட்டடத்தின் புகைப்படங்கள், தெருவாசிகளின் கையொப்பங்கள்