பாணை விடுவதற்கு முதல்

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பது எனக்குக் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி. தலையிடி குறையுமென்று வருகிற திங்கட்கிழமை தொடக்கம் நீயும், கோதுமையில் இருக்கிற அந்தக் குளூட்டன் இல்லாத சாப்பாட்டுக்கு மாறப்போவதாக நேற்றுச் சொன்னாய். பொறு மனே. திங்கட்கிழமை பாணை விடாதே. முதலில் போய் இரத்தம் சோதித்துவிட்டு வா.

நீ சொல்லித்தான் நானும் விட்டேன். சித்திரை வருடப்பிறப்புப் பலகாரமெல்லாம் முடிந்த கையோடு தொடங்கி முழுதாகப் பன்னிரண்டு கிழமை. அப்பா முதல் நாளே சிரித்தார், "சோறு தின்கிற மட்டக்களப்பாளுக்கு என்ன குளூட்டன்" என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். படுவான்கரை நெல், எருமைத் தயிர், வாவி மீன், இதில் எங்கே கோதுமை இருக்கிறது? ஒரு கிழமை கவனித்துப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் எவ்வளவு கோதுமை மா செலவாகிறது என்று தெரிந்தது. காலையில் பாண். பின்னேரம் அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிற பாண் ஓட்டோவில் பனிஸ். இரவைக்கு ரொட்டி. புட்டு என்றால் அரிசி மா என்று நீ நினைப்பாய், நான் இத்தனை வருடமாகப் பாதிக்குப் பாதி அவித்த கோதுமை மா கலந்துதான் குழைக்கிறேன், மெதுவாக இருக்குமென்று. தோசைக்குக்கூட ஒரு கை கோதுமை மா போடுகிறேன். கடை இடியப்பமும் கடை அப்பமும் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாததும் இருக்கிறது. கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மா கலப்பார்கள், சோயா சோஸில் கோதுமை, நான் உடம்புக்கு நல்லதென்று ஆற்றிக் குடிக்கிற நெஸ்டமோல்ட்டில் பார்லி. கோதுமை, பார்லி, றை என்ற மூன்று தானியத்திலும் இருக்கிற புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறார்கள். கொத்துக் கடைக்காரர் மாவை வீசி வீசிச் சீலை மாதிரி மெல்லிதாக்குகிறாரே, கிழியாமல் அது இழுபடுவது அந்தக் குளூட்டனால்தான். அரிசி மாவை அப்படி வீசிப் பார், கையில் நொறுங்கும். களுவாஞ்சிக்குடிக் கலியாண வீட்டில் ஒரு கூத்து நடந்தது. அரிசி மா இடியப்பம்தான் என்று சொன்னதை நம்பி ஏழெட்டுத் தின்று கையும் கழுவிய பிறகு, சமையல்காரர் வந்து "கொஞ்சம் வெள்ளை மாவும் போட்டோம் அக்கா, இல்லாவிட்டால் பிழிய வராது" என்றார்.

நீ அனுப்பிய குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் வந்தது. பெட்டியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அரிசி மா, சீனி, மரவள்ளி மா. மரவள்ளிக் கிழங்கைக் கனடாவில் பிஸ்கட்டாக்கி, அதற்குக் காசும் கொடுத்து, மரவள்ளி விளைகிற ஊருக்கே அனுப்பியிருக்கிறாய். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு நாளில் முடித்துவிட்டார்.

சரி, தலையிடிக்கு வருகிறேன். சமையலறைக் கலண்டரில் தலையிடித்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டு வந்தேன், இதுவும் நீ சொன்னதுதான். மார்ச்சில் 19 நாள். ஏப்ரலில் 17. மே மாதம் முழுக்க ஒரு துண்டுப் பாண் வாயில் வைக்கவில்லை, 18 நாள். ஜூனில் 7, ஜூலையில் 5. ஜூலையில் உனக்குப் போன் எடுத்து "பாண்தான் பிள்ளை, பாண்தான்" என்று துள்ளினேன். நீயும் அதைக் கேட்டுத்தான் இப்போது வெளிக்கிடுகிறாய். அந்த நேரம் உனக்கு நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது, நீ ஏசுவாய் என்று மறைத்தேன்.

பனடோல் கதை. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இரண்டு குளிசை போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போன காலத்தில் கைப்பைக்குள் பென்சிலோடு பனடோல் அட்டையும் இருக்கும், ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, விடிய எழும்பியதும் தலை கொஞ்சம் பாரமாக இருந்தால் வருமுன் காப்போம் என்று போட்டுவிடுவேன். மே தொடக்கத்தில் கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த டொக்டர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை, மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டா. சொன்னேன். பனடோலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கிவிடும் என்றா. தலையிடிக்குக் குளிசை, குளிசையால் தலையிடி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை கூடத்தான் செய்யும், அதைத் தாண்டுங்கள் என்றும் சொன்னா. அந்த மே மாதம் கச்சான் காற்று வேறு அனல் மாதிரி அடிக்க, ஜன்னலைச் சாத்திவிட்டு, அம்மம்மா செய்வதுபோல ஈரத்துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அதுதான் அந்த 18 நாள்.

இப்போது உனக்கு விளங்கும். பாணும் பனடோலும் இரண்டு கிழமை இடைவெளியில் நின்றன. அதோடு இன்னொன்றும் மாறியது. முன்பெல்லாம் அப்பா கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்து, நான் வெறும் தேத்தண்ணியோடு வீடு வாசல் கூட்டி முடித்து, பத்து மணிக்குத்தான் வாயில் ஏதும் வைப்பேன். பாணை விட்டதும் காலையிலேயே குரக்கன் புட்டோ அரிசி மா இடியப்பமோ நானே அவிக்க வேண்டியிருந்தது, அவித்தால் சூட்டோடு ஏழு மணிக்கே சாப்பிடுவோம். என்னுடையது ஒற்றைத் தலையிடி என்று உனக்குத் தெரியும், பட்டினி கிடந்தால் அது எழும்பி வரும். அப்போ தலையிடி குறைந்தது எதனால்? பாணா, பனடோலா, பத்து மணிச் சாப்பாடா?

அதனால் ஜூலை நடுவில் திரும்பவும் பாண் சாப்பிட்டுப் பார்த்தேன். அப்பாவுக்குப் பெருநாள் மாதிரி, கறுத்த வறுவல் ஒரு இறாத்தல் பாணைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் இடித்தது, சத்தியும் வந்தது. "பார்த்தீர்களா" என்று அப்பாவிடம் சொல்லப்போய் நானே நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அன்றைக்கு ஆடி அமாவாசை, மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் விரதத்தோடு மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றவள் நான். அதைப் பாணின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆகஸ்ட் முழுக்க ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது பாண் சாப்பிட்டேன், வேளைக்குச் சாப்பிட்டேன், பனடோல் மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் இல்லை. கலண்டரில் 5 புள்ளடி. ஜூலையும் 5, ஆகஸ்டும் 5. என் தலையிடிக்குப் பாண் காரணமில்லை என்றுதான் நினைக்கிறேன். வயிற்று ஊதல் மட்டும் பாணோடு திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதற்குக் குளூட்டன்தான் காரணமென்றும் சொல்ல முடியாதாம், கோதுமையில் ஃபிரக்டன் என்றொரு மாச்சத்தும் இருக்கிறது, வெங்காயத்திலும் வெள்ளைப்பூட்டிலும் இருப்பதும் அதே சாமான்தான், சிலருக்கு அது வாய்வு.

இதை வைத்து உனக்கும் பாணால் இல்லை என்று சொல்ல வரவில்லை. உன் கதை வேறாக இருக்கலாம், அதுதான் என் பயம். போன வருடம் உனக்கு இரத்தத்தில் இரும்பு குறைவென்று குளிசை தந்தார்கள், போட்டும் ஏறவில்லை என்றாய். வாய்ப்புண் அடிக்கடி வருகிறது. எப்போது கேட்டாலும் களைப்பு. தலையிடி மட்டும் என்றால் அது என்னிடமிருந்து, அம்மம்மாவிடமிருந்து வந்த சொத்து என்று விட்டுவிடுவேன், ஒற்றைத் தலையிடி குடும்பத்தில் ஓடுகிற ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிற வருத்தம் அது, நூறில் ஒருவர் அளவுக்கு இருக்கிறதாம், பலருக்குத் தெரிவதே இல்லை. குடல் பழுதானால் இரும்பு எப்படி ஏறும்? இந்த வருத்தம் உள்ளவர்களுக்குத் தலையிடி மற்றவர்களைவிடக் கூட வருகிறது, குளூட்டனை விட்டதும் சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது. நீ வாசித்த கட்டுரையிலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இந்த வருத்தத்துக்குக் கோதுமைதான் காரணமென்று கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தது. எங்கள் மட்டக்களப்புக் கோட்டையை 1638 இல் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்த அதே ஒல்லாந்தரின் நாட்டில், டிக்கே என்றொரு குழந்தை வைத்தியர் இருந்தார். கோதுமையில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்கு முன்பே சந்தேகம். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில் பஞ்சம் வந்து பாண் கிடைக்காமல் போக, நாடே மெலிந்து கிடந்தபோது இந்த வருத்தக்காரப் பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம், பாண் திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்களாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சிறிமா அம்மையார் காலத்தில், விடியப்புறம் பாண் கியூவில் நின்ற ஞாபகம் வந்தது. அந்தக் கியூவில் பாண் கிடைக்காததால் சுகமான பிள்ளை எதுவும் எங்கள் ஒழுங்கையில் இருந்திருக்குமோ, யார் கண்டார்.

பாணை விடுவதற்கு முதல் ஏன் இரத்தம் சோதிக்க வேண்டும் என்றால், அந்தச் சோதனை தேடுவது, இந்த வருத்தம் உள்ளவர்கள் குளூட்டன் சாப்பிடும்போது உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளை. நீ குளூட்டனை விட்டால் அது குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும், சோதனையில் ஒன்றுமில்லை என்று வரக்கூடும், வருத்தம் இருந்தாலும் இல்லையென்றே வரக்கூடும். பிறகு சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது ஆறு கிழமையாவது ஒவ்வொரு நாளும் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விட்டதால் சுகம் கண்டிருந்தால் அந்த ஆறு கிழமை எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார். நான் சோதிக்காமலே விட்டேன், பிறகு சோதிக்கக் கேட்டபோது அதே டொக்டர் பிள்ளைதான் இதைச் சொல்லி, போய்ப் பாண் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினா. அப்பாவுக்கு அந்தப் பிள்ளையை அன்றிலிருந்து நல்ல பிடித்தம்.

சோதனையின் பெயர் டிடிஜி ஐஜிஏ (tTG-IgA), அதோடு மொத்த ஐஜிஏயையும் பார்க்கச் சொல், ஐஜிஏ என்பது இரத்தத்தில் இருக்கிற ஒரு வகை எதிர்ப்புப் பொருள், சிலருக்கு அது இயல்பிலேயே குறைவு, குறைந்தால் முதல் சோதனை ஏமாற்றிவிடும். இருக்கிறது என்று வந்தால் குழாய் விட்டுச் சிறுகுடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், அதுவரைக்கும் பாண் சாப்பிட்டுக்கொண்டே இரு. அது உறுதியானால் சும்மா மூன்று மாதம் விட்டுப் பார்க்கிற விளையாட்டில்லை, சீவியகாலம் முழுக்க, பாண் வெட்டிய பலகையில் கிடக்கிற துகள்கூடக் கூடாது. எனக்கும் உன் தம்பிக்கும்கூடச் சோதிக்க வேண்டிவரும். இல்லை என்று வந்தால் அதற்குப் பிறகு விட்டுப் பார், நான் தடுக்கவில்லை. ஆனால் கலண்டரில் புள்ளடி போடு, ஒரே நேரத்தில் பத்தை மாற்றாதே, நீ எத்தனை குளிசை போடுகிறாய் என்றும் எழுது. உண்மையை எழுது. நானும் உனக்குப் பொய் சொன்னவள்தான்.

என் இரத்தத்தைப் புதன்கிழமை எடுக்கிறார்கள். அதுவரைக்கும் நான் பாண் சாப்பிட வேண்டும் என்ற பேரில் வீட்டுக்கு இப்போது ஒவ்வொரு பின்னேரமும் மாலுபாண் வருகிறது, எனக்கு ஒன்று, அப்பாவுக்கு மூன்று. ஓட்டோச் சத்தம் கேட்கிறது, அப்பா சில்லறை கேட்டு நிற்கிறார். உனக்கு எந்த நாள் திகதி தருகிறார்கள் என்று போன் எடுத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா
கல்லடி