எங்கட கூத்து மன்றத்தின்ர ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் கூத்துப் பழக்கிற அண்ணாவியாருக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டங்கள் நடந்தது, மாரி மழைக்குள்ள ஒண்டு தவறினது, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் இந்த வருசம் மன்றத்துக்கு உயிர் வந்த கதையைச் சொல்லிப்போடுறன்.

கட்டாரில வெல்டிங் வேலை செய்துபோட்டு சித்திரையில வந்த எங்கட தம்பியை எல்லாருக்கும் தெரியும், படமும் கீறுவார் மத்தளமும் அடிப்பார், ஆனா 2009 இடம்பெயர்வில மத்தளத்தை விட்டுட்டு வந்தவர் பிறகு ஒரு தோலிலயும் கை வைக்கேல்ல. அந்தக் கை திரும்பத் தொட்டது அங்க பாலைவனத்தில. வைகாசிக் கூட்டத்தில அவரே சொன்னவர். சிக்ரீத் எண்ட இடத்தில ரிச்சர்ட் செரா எண்ட அமெரிக்கச் சிற்பி 2014இல நாலு இரும்புத் தகட்டை ஒரு கிலோமீற்றருக்கு மேல நீளத்துக்கு வரிசையா நட்டிருக்கிறார், ஒவ்வொண்டும் 14 மீற்றருக்கு மேல உயரம், நிலம் மேடுபள்ளம் ஆனா நாலின்ர தலையும் ஒரே மட்டம். இதை எப்பிடி நிமித்தினவங்கள் எண்டுதான் வெல்டர் மனம் முதல் கேட்டதாம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தகட்டு நிழலில நேபாளப் பெடியன் ஒருத்தன் மாதல் எண்ட மேளம் அடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறான், அதுவும் ரண்டு பக்கமும் தோல் போட்டு மடியில வைச்சு அடிக்கிறதுதான், வாங்கிப் பாத்தா கை தானாக் கோவலன் கூத்துத் தாளத்துக்குப் போட்டுதாம். இதைச் சொல்லேக்க அண்ணாவியார் கண்ணைத் துடைச்சதை நான் பாத்தன்.

அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கூடினவையாம். மலையாளப் பெடியள், நேபாளிகள், ஒரு ராஜஸ்தான்காரர், ஒருத்தற்ற பாசையும் மற்றவைக்கு விளங்காது, தண்ணிக் கானும் சோத்துத் தட்டும்தான் வாத்தியம். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. இவர் அவையின்ர முகங்களைச் சீமெந்துப் பேப்பரில கரியால கீறிச் சுருட்டிக் கொண்டந்தவர். அதை நாங்கள் ஆவணியில ரண்டு பனைக்கு நடுவில கயிறு கட்டித் தொங்கவிட்டம், காத்துக்கு ஒரு படம் கிழிஞ்சு போச்சு, அது எனக்கு இண்டைக்கும் கவலை. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்துபோற சனம் மாதிரி அண்டைக்குப் பின்னேரம் முழுக்க ஆக்கள் வந்தவை எண்டு சொல்லமாட்டன், ஆனா வந்த கிழவி ஒராள் ஒரு படத்துக்கு முன்னால கனநேரம் நிண்டா, தன்ர மகனும் அங்கதான் எண்டா.

மண்டபத்தின்ர சாவி எங்களுக்கு வருசம் முழுக்க ஒழுங்காக் கிடைக்கேல்ல, கடிதம் மூண்டு குடுத்தும் பதில் இல்லை. தம்பிதான் சொன்னவர், பாலைவனத்தில கூடினனாங்கள் இங்க பாலைமரத்துக்குக் கீழ கூடேலாதோ எண்டு. ஐப்பசி மழை விட்ட ஞாயிறுகளில இருந்து அப்பிடியே செய்யிறம், பள்ளிக்கூடப் பிள்ளையள் தானா வருகினம், சல்லரித் தாளம் தட்டப் பழகுகினம்.

புது மத்தளத்துக்குத் தோல் வந்திட்டுது, வார் இழுத்துக் கட்ட இன்னும் ரண்டு பேர் வேணும். வாற ஞாயிறு நாலு மணிக்கு மரத்தடிக்கு வாங்கோ, பாய் ஒண்டும் கொண்டாங்கோ.