மருமகளுக்கு ஒரு எழுத்து விரிப்பு

லங்காஸ்டர், பென்சில்வேனியா

அன்புள்ள மதினிக்கு,

இங்கே நாங்கள் நலம். அண்ணன், நீங்க, அம்மா, உங்க குட்டிப் பாப்பாவான என் மருமகள் எல்லாரும் நலமா? இங்கே குளிர் விட்டபாடில்லை. அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வெளியே போக முடியாததால் சாயங்காலம் முழுக்கத் தையல்தான்.

இந்தப் பக்கம் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவச் சனங்கள் நிறைய. கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், குதிரை வண்டிதான். அவர்கள் தைக்கும் கில்ட்டுக்கு நல்ல பேர். மேலே துண்டுத்துணிகளை இணைத்த விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா எனக்குச் சொல்லித் தருகிறார்.

மருமகளுக்கு எழுத்துப் போட்டு ஒன்று தைக்கிறேன். நம்ம ஊர் வெயிலுக்குப் போர்த்த வேண்டாம், தரையில் விரித்துப் பிள்ளையைப் போடலாம். அதனால் பஞ்சு மெல்லிசாகத்தான் வைப்பேன்.

இங்கே ஏ பி சி டி போட்டுத் தைப்பார்கள். ஆனால் 26 எழுத்து லேசில் கட்டத்துக்குள் அடங்காது. அஞ்சுக்கு அஞ்சு வைத்தால் ஒன்று மிஞ்சும். அஞ்சுக்கு ஆறு வைத்தால் நாலு கட்டம் காலி. நாலு மூலையிலும் பூவோ பொம்மையோ தைத்து நிரப்புவார்கள். நம்ம எழுத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். வரிசைக்கு ஆறு வைத்தால் உயிர் 12-ம் இரண்டு வரிசை, மெய் 18-ம் மூன்று வரிசை. ஔ முடிந்ததும் அடுத்த வரிசை க் என்று தொடங்குகிறது! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை மதினி, அவ்வளவு சந்தோஷம். ஆய்தத்தைப் பின்பக்கம் பிள்ளை பேருக்குப் பக்கத்தில் தைக்கப்போகிறேன்.

கட்டம் ஆறரை அங்குலம் வெட்டினால் தையலுக்குச் சுற்றிக் கால் அங்குலம் போய் ஆறு நிற்கும். நடுநடுவே ஒன்றரை அங்குலப் பட்டி. எல்லாம் சேர்ந்து 43½க்கு 36 அங்குலம் வருகிறது, ஓரப்பட்டி தனி.

எழுத்துகள்தான் வேலை வாங்குகின்றன. ஔ கட்டத்தை அடைத்துக்கொள்கிறது, ர் ஒல்லியாக நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்கு இழுத்தால் எழுத்தே கெட்டுவிடும். உயரம்தான் ஒன்றாக இருக்கணும். மெய்யில் புள்ளிக்கு இடம் விட வேண்டும் என்பதால் 18-ஐயும் ஒரே அளவாகக் கொஞ்சம் சின்னதாக வெட்டுகிறேன். ழ் இன்னொரு மாதிரி. வாலையும் சேர்த்து அளந்து நடுவில் வைத்தால் எழுத்து மேலே ஏறித் தெரிகிறது. வாலை விட்டுவிட்டு உடம்பை மட்டும் நடுவில் வைத்தால் ஜம்மென்று உட்காருகிறது. பத்தமடையில் கல்யாணப் பாயில் பேர் நெய்கிறவர்கள் கோரையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்களோ! அண்ணன் அந்தப் பக்கம் போனால் கேட்டு எழுதச் சொல்லுங்க. புள்ளிக்குப் பட்டன் வைக்கவில்லை, பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். வட்டமாகத் துணிதான்.

நீங்க அனுப்பிய ஜாக்கெட் வெட்டுத்துணிகள் அத்தனையும் இதில் இருக்கின்றன. சுவரில் ஃபிளானல் துணி மாட்டி அதில் கட்டங்களை வைத்தால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். அதைப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால் அடர்ந்த நிறம் எங்கே குவிந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். உங்க அரக்கும் மயில்கழுத்தும் ஒரே மூலையில் கிடந்தன, பிரித்து வைத்தேன்.

அப்புறம் ஒரு உதவி. கம்ப்யூட்டர் எழுத்தில் ஐ, ஞ் இரண்டும் விறைப்பாக இருக்கின்றன. அம்மாவை ஆறு அங்குலக் கட்டம் போட்டு எழுதச் சொல்லி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்க. அந்த இரண்டு கட்டமும் இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்க நாத்தனார்